வீட்டுக் கணிப்பொறிக்கும் காவல் வேண்டும்

பொழுது சாய்ந்ததும் கோழிகளைக் கூண்டில் அடைப்பதும், கொல்லைக் கதவைத் தாழிடுவதும், குடும்பச் செபமாலை முடிந்தபின் தெருக்கதவைப் பூட்டிச் சாவியைத் திருஇருதய ஆண்டவர் படத்தின் கீழுள்ள ஆணியில் மாட்டுவதும் மணப்பட்டில் எங்கள் வீட்டில் என் தந்தையார் காலத்திலிருந்து வரும் வழக்கம். கடலோரக் கிராமமாயினும், பாகூர்ப் பக்கத்து நெல்வயல்களை நம்பி வாழும் குடும்பமாயினும், இரவில் பூட்டாத வீடு எங்கள் ஊரில் இல்லை. ஆயினும், எங்கள் வீட்டுக்கு மற்றொரு வாசல் உண்டு என்பதையும், அது பல மாதங்களாகத் திறந்தே கிடந்தது என்பதையும் நாங்கள் அறிந்துகொண்டது 2021-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில்தான்.

2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றுக் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒரு கணிப்பொறி வாங்கினோம். நாளடைவில் அது வீட்டின் அலமாரியாகவே ஆகிவிட்டது. ஞானஸ்நானச் சான்றிதழ், நிலப் பத்திரம், மின் கட்டண ரசீது, திருமணப் படங்கள் ஆகிய யாவும் அதற்குள்ளேயே இருந்தன. 2019-ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்த என் தந்தையாரின் கடைசிக் கிறிஸ்துமஸ் படங்களும், அன்று அவர் பேரப்பிள்ளைகளுக்குப் பிறப்புப் பாடல் சொல்லிக்கொடுத்ததை ஒலிப்பதிவு செய்ததும் அதில் இருந்தன.

தந்தையாரின் 2-ஆம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்குப் பின் உறவினருக்குக் காட்டுவதற்காக ஒரு சிறு படம் தொகுக்க விரும்பினான் என் தமக்கையின் மகன். அதற்கேற்ற மென்பொருளின் விலை மிகுதி. ஆகவே அதையே பூட்டுடைத்து இலவசமாகத் தருவதாகக் கூறிய ஓர் இணையத்தளத்திலிருந்து இறக்கினான். கணிப்பொறியிலிருந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் எச்சரித்தது. ஆனால் அந்தத் தளத்தில் எழுதியிருந்த குறிப்போ, அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம், தடுப்பைச் சற்று நேரம் நிறுத்திவைக்கவும் என்று சொன்னது. பிள்ளை அப்படியே செய்தான். சிறிது நேரத்தில் விண்டோஸ் புதுப்பிக்கப்படுகிறது என்று ஓர் அறிவிப்புத் தோன்றியது. அவன் பொறுமையோடு காத்திருந்தான். அந்த அறிவிப்பு போலியானது. அதன் மறைவில், எங்கள் படங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தன.

இரவில் படங்களைத் திறக்க முயன்றபோது ஒன்றும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னும் பொருளற்ற நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அச்சத்தால் அவன் எவரிடமும் சொல்லாமல் படுத்துவிட்டான். மறுநாள் காலையில், இதனை அறியாத என் தமக்கை, படங்களின் மறுபிரதி இருந்த வெளித்தட்டைக் கணிப்பொறியில் செருகினாள். அந்தத் தீநிரல் இடைவிடாது விழித்திருந்து, புதிதாக வரும் கோப்புகளையும் பூட்டும் தன்மையுடையது. கால்மணி நேரத்தில் அந்த மறுபிரதியும் போயிற்று. அதன் பிறகே, “மாமா, நேற்று இரவே எனக்குத் தெரியும். அடிப்பீர்கள் என்று பயந்து சொல்லாமல் இருந்துவிட்டேன்” என்று அவன் அழுதான்.

கோப்புகளுக்கிடையே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் இருந்தது. 980 அமெரிக்க டாலர் கொடுத்தால் பூட்டைத் திறக்கும் சாவி தரப்படும். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலையான 490 டாலர் போதும் என்பது அதன் சாரம். அன்றைய மதிப்பில் 490 டாலர் என்பது ஏறத்தாழ 36,000 ரூபாய். என் தாயார் கேட்டது ஒன்றே: “அப்பாவின் குரலும் போய்விட்டதா, தம்பி?” அந்தக் கேள்விக்காகவே பணத்தைக் கட்டிவிடலாம் என்று தமையனார் சொன்னார். திருடனின் வாக்கை நம்பிப் பணம் கொடுப்பதா, அந்தப் பணம் நாளை இன்னொரு வீட்டைக் கொள்ளையிட உதவாதா என்று நான் தயங்கினேன். இறுதியில் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

எங்களைத் தாக்கியது ‘ஸ்டாப்’ என்றும் ‘டிஜேவு’ என்றும் அழைக்கப்படும் பணயத் தீநிரல் வகை என்பதைப் பின்னர் அறிந்தோம். பெரிய நிறுவனங்களைவிட வீட்டுக் கணிப்பொறிகளையே அது மிகுதியாகத் தாக்கி வந்தது. அது பரவிய முக்கிய வழியும் பூட்டுடைத்த மென்பொருள்களே. நியூசிலாந்தைச் சேர்ந்த எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இதன் பல வகைகளுக்கு இலவசத் திறவுகோல் ஒன்றை வெளியிட்டிருந்தது. தீநிரல் தன் தலைமையகத்தோடு தொடர்புகொள்ள இயலாமல் பொதுச்சாவியால் பூட்டியிருந்தால் அது பயன்படும். எங்கள் வீட்டிலோ தனிச்சாவி கொண்டு பூட்டப்பட்டிருந்தது. வெளிநாட்டிலுள்ள தம்பிக்கு முன்பே அனுப்பியிருந்த சில படங்களும், திருமணப் படக்காரர் தந்திருந்த குறுந்தகடும் மிஞ்சின. தந்தையாரின் குரல் மீளவில்லை.

இத்தனையும் எழுதுவது எங்கள் துயரைச் சொல்லி ஆறுதல் தேட அன்று. எங்கள் இழப்பு பிற குடும்பங்களுக்கு எச்சரிக்கையாகட்டும் என்பதற்காகவே.

வைரஸ் என்பது யாது?

வைரஸ் என்பது நோய்க்கிருமி அன்று. மனிதர் எழுதிய கட்டளைத் தொகுப்பே அது. கணிப்பொறி தனக்கு இடப்பட்ட கட்டளைகளை நல்லது, தீயது என்று பாராமல் நிறைவேற்றும் கருவி. ஒரு நிரலுக்குள் தன்னைத்தானே படியெடுத்து ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து மற்றொன்றுக்குப் பரவும் நிரலை 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபிரெட் கோகன் என்னும் மாணவர் ஆய்வுக்காகச் செய்து காட்டினார். அதற்கு வைரஸ் என்று பெயர் சூட்டியவர் அவருடைய ஆசிரியர் லெனார்டு ஏடல்மன்.

நம் அண்டை நாட்டிலும் இதன் வரலாற்றுக்கு ஒரு பங்குண்டு. 1986-ஆம் ஆண்டில் லாகூர் நகரில் கணிப்பொறிக் கடை வைத்திருந்த சகோதரர் இருவர், தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைக் களவாகப் படியெடுப்போரைக் கண்டறிய எண்ணி ‘பிரெயின்’ என்னும் நிரலை எழுதினர். தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதிலேயே பொறித்திருந்தனர். நெகிழ்தட்டுகளின் வழியாக அது பல நாடுகளுக்கும் சென்றது. தனிநபர் கணிப்பொறிகளில் உலகெங்கும் பரவிய முதல் வைரஸ் அதுவே.

தீநிரல்களில் சில இனங்கள் உண்டு. பிற கோப்புகளில் ஒட்டிக்கொண்டு பரவுவது வைரஸ். எதனிலும் ஒட்டாமல் வலைப்பின்னலின் வழியே தானாகவே ஊர்ந்து செல்வது புழு. நல்ல மென்பொருள்போல் வேடமிட்டு, நாமே கதவைத் திறந்து உள்ளே விடும்படி செய்வது டிராய் குதிரை. ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய் என்றால் நமக்கு எளிதில் விளங்கும். மறைந்திருந்து கடவுச்சொற்களைத் திருடுவது உளவு நிரல். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்பது பணயத் தீநிரல். ஒன்றன் முதுகில் மற்றொன்று ஏறி வருவதும் உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்த வகை, கடவுச்சொல் திருடும் நிரலையும் உடன் அழைத்துவரும் வழக்கமுடையது. ஆதலால் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் ஆகியவற்றின் கடவுச்சொற்கள் அனைத்தையும் அன்றே மாற்றினோம். அதனையும் அந்தக் கணிப்பொறியில் செய்யாமல், வேறொரு கைபேசியில் செய்தோம். நோயுற்ற கருவியிலேயே புதிய கடவுச்சொல்லைத் தட்டினால், அதுவும் திருடனிடம் போய்ச் சேரும் அன்றோ?

ஆசையும் அச்சமும்

தீநிரல் பரப்புவோர் கணிப்பொறியின் குறையைவிட மனித மனத்தின் குறையையே பெரிதும் நம்புகின்றனர். 2000-ஆம் ஆண்டு மே 4 அன்று உலகின் பல நாடுகளில் மக்கள் தங்கள் மின்னஞ்சலைத் திறந்தபோது, ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு மடல் வந்திருந்தது. அனுப்பியவரோ தெரிந்தவர். இணைப்பாக வந்தது காதல் கடிதம் என்ற பெயருடைய ஒரு கோப்பு. திறந்தவரின் படங்களை அது அழித்தது; அவருடைய முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. கோப்பின் பெயர் எழுத்துக் கோப்புப்போல் தோன்றினாலும், அதன் மெய்யான வால் எழுத்துகளை விண்டோஸ் மறைத்து வைத்திருந்தது. அது பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து புறப்பட்டது எனக் கண்டறியப்பட்டது. ஆனால் அக்குற்றத்துக்குரிய சட்டம் அந்நாட்டில் அப்போது இல்லாமையால் வழக்கு நிலைக்கவில்லை. அடுத்த மாதமே அங்கே சட்டம் இயற்றப்பட்டது. நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதே ஆண்டு அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது.

இன்றைய ‘காதல் கடிதம்’ வேறு உருவில் வருகிறது. வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்று சொல்லி ஏ.பி.கே. என முடியும் ஒரு கோப்பு வருகிறது. அழைப்பிதழ் படமாகவோ பி.டி.எஃப். கோப்பாகவோ வரலாமே தவிர, ஏ.பி.கே. என்று வருவதற்குக் காரணமே இல்லை. ஏ.பி.கே. என்பது கைபேசியில் நிறுவப்படும் செயலி. தொட்டு நிறுவினால், வங்கி அனுப்பும் குறுஞ்செய்திகளைத் திருடன் தன்னிடத்திலிருந்தே படிக்க வழி ஏற்பட்டுவிடும். போக்குவரத்து அபராதம், வங்கிக் கணக்கு முடக்கம், மின் இணைப்புத் துண்டிப்பு என்று அஞ்சவைக்கும் செய்திகளும் இவ்வாறே வருகின்றன. அழைப்பிதழ் அனுப்பியவர் உறவினராயினும், அவருடைய கைபேசியே திருடனின் வசம் சிக்கியிருக்கக்கூடும். ஒரு முறை அழைத்து, “நீங்கள்தாம் அனுப்பினீர்களா?” என்று கேட்டுவிடுவதால் குறையொன்றும் இல்லை.

பெரிய இடங்களில் நேர்ந்தவை

2017 மே 12 அன்று ‘வான்னகிரை’ என்னும் பணயப் புழு ஒரு சில நாள்களில் சுமார் 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகளைத் தாக்கிற்று. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் ஊராட்சி அலுவலகக் கணிப்பொறிகள் சிலவும் பூட்டப்பட்டன. இதில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அப்புழு நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே இலவசமாக வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ 2 மாத அவகாசம் இருந்தும் அதனை ஏற்காதவர்களே பெரும்பாலும் பாதிக்கப்பட்டனர்.

நம் தமிழகத்தில், கூடங்குளம் அணுமின் நிலையத்தைச் சேர்ந்த ஒரு கணிப்பொறியில் தீநிரல் இருப்பதாக 2019 செப்டம்பர் 4 அன்று இந்திய அரசின் கணிப்பொறி அவசர உதவிக் குழு அறிவித்தது. அணுமின் கழகமும் அக்டோபர் 30 அன்று அதனை ஒப்புக்கொண்டது. அந்தக் கணிப்பொறி நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த ஒன்று எனவும், உலையை இயக்கும் அமைப்பு அதனின்றும் முற்றிலும் பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிக்கப்படவில்லை எனவும் கழகம் தெரிவித்தது. 2022 நவம்பர் 23 அன்று புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் தாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 2 வாரங்கள் பதிவும் பரிசோதனைச் சீட்டும் கையெழுத்திலேயே நடைபெற்றன.

இம்மூன்று நிகழ்ச்சிகளும் நமக்கு மூன்று பாடங்களைக் கற்பிக்கின்றன. திருத்தங்களை உடனுக்குடன் ஏற்க வேண்டும். முக்கியமானதை இணையத்தினின்றும் பிரித்து வைக்க வேண்டும். கருவி செயலிழந்தாலும் வாழ்வு தொடர்வதற்கான மாற்று ஏற்பாடு இருக்க வேண்டும். அணுமின் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் பொருந்தும் இவ்விதிகள் நம் ஓட்டு வீட்டுக்கும் பொருந்தும்.

நம் வீட்டுக்கு ஆறு காவல்கள்

முதலாவது, புதுப்பித்தல். விண்டோஸ் புதுப்பிப்பு எப்போதும் தானாக நடைபெறும்படி வைக்கவும். விண்டோஸ் 7-க்குரிய உதவி 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான உதவி 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. பழைய கணிப்பொறி புதிய விண்டோஸை ஏற்கவில்லையெனில், உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் அமைப்பை நிறுவிக்கொள்ளலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் கடிதம் எழுதுவதற்கும் அது போதும்.

இரண்டாவது, தடுப்பு மென்பொருள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் டிஃபெண்டர் என்னும் காவலன் உடனேயே வருகிறான். அவனை அணைக்காமல் வைத்திருப்பதே முதற்கடமை. விலை கொடுத்து வாங்க விரும்புவோர்க்கு நம் நாட்டு நிறுவனங்களே உள்ளன. சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் ஆகியவை அவற்றுட் சில. ஒரே நேரத்தில் இரண்டு தடுப்புகளை நிறுவுதல் கூடாது. ஒன்று மற்றொன்றின் பணிக்கு இடையூறு செய்யும். எந்த மென்பொருளாவது, “என்னை நிறுவும்போது காவலனை அணைத்துவிடு” என்று கேட்குமானால், அது திருடன் என்று அறிக.

மூன்றாவது, தனித்தனிக் கணக்கு. மென்பொருள் நிறுவும் அதிகாரமுடைய நிர்வாகிக் கணக்கைப் பெற்றோர் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கும் அன்றாடப் பணிக்கும் சாதாரணக் கணக்கைத் தருக. அப்போது எதனை நிறுவுவதாயினும் பெரியவரின் கடவுச்சொல் தேவைப்படும். கோப்பின் வால் எழுத்துகள் தெரியும்படி அமைப்பை மாற்றிவைப்பதும் நன்று. படம் என்று வந்த கோப்பு ஈ.எக்ஸ்.ஈ. என்று முடிந்தால் அதைத் தொடலாகாது.

நான்காவது, அயல் கருவிகளில் கவனம். ஆதார் நகல் எடுக்கவும் விண்ணப்பம் அச்சிடவும் பென் டிரைவைக் கடைக்குக் கொண்டு செல்கிறோம். அங்கே நாளொன்றுக்கு எத்தனையோ பென் டிரைவ்கள் அதே கணிப்பொறியில் செருகப்படுகின்றன. வீடு திரும்பியதும் அதைத் திறக்குமுன் தடுப்பு மென்பொருளால் சோதிக்க வேண்டும். கடைக் கணிப்பொறியில் மின்னஞ்சலைத் திறந்தால், வெளியேறிய பின்னரே எழுந்து வர வேண்டும்.

ஐந்தாவது, கடவுச்சொல். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது கடவுச்சொல் ஆகாது. அதை ஊரே அறியும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக அமைத்தால் நினைவிலும் நிற்கும், திருடனுக்கும் கடினம். மின்னஞ்சலுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று என வெவ்வேறாக வைக்கவும். மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இருபடிச் சரிபார்ப்பைக் கட்டாயம் ஏற்படுத்தவும். வை-ஃபை கருவியோடு வந்த கடவுச்சொல்லையும் மாற்றிவிடவும். இவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பீரோவில் பூட்டிவைத்தல் தவறன்று. கடல் கடந்த திருடனால் நம் பீரோவைத் திறக்க இயலாது. அவன் திறப்பது கணிப்பொறியையே.

ஆறாவதும் தலையாயதும் மறுபிரதி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபின், எங்கள் பகுதியில் பலரும் பத்திரத்தையும் குடும்ப அட்டையையும் பிளாஸ்டிக் உறையிலிட்டு உயரத்தில் வைக்கக் கற்றனர். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பகுதியில் புகுந்தபோது, உயரத்தில் வைத்ததும் போதாது, ஒரு நகல் வேற்றூரில் இருப்பது நலம் என்பது விளங்கிற்று. கணிப்பொறிக்கும் இதே விதிதான். எந்த அரிய கோப்புக்கும் 3 பிரதிகள் வேண்டும். அவை 2 வகைக் கருவிகளில் இருக்க வேண்டும். அவற்றுள் 1 வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். வெளித்தட்டைப் படியெடுக்கும்போது மட்டும் செருகி, முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கணிப்பொறியில் ஏதேனும் மாறுதல் தெரிந்தால், காரணம் அறியும்வரை அதனைச் செருகலாகாது. என் தமக்கை செருகியது இந்த ஒரு விதியை நாங்கள் அறியாமையால்தான்.

கணிப்பொறியைத் தொடாமலே நுழையும் திருடன்

கணிப்பொறி எத்துணைக் காவலோடு இருந்தாலும், வீட்டிலுள்ளவரே சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டால் யாது செய்வது? வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி ஓ.டி.பி. எண்ணைக் கேட்பவர் திருடரே. கணிப்பொறியில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று திரையில் தோன்றுவதும் பொய்யே. அழைத்தால், தொலைவிலிருந்து திரையைக் காணும் செயலி ஒன்றை நிறுவச் சொல்லிக் கணக்கைக் காலி செய்வர். பணம் பெறுவதற்கு இரகசிய எண் தட்ட வேண்டியதில்லை. பணம் கொடுப்பதற்கே அது வேண்டும்.

அண்மைக் காலத்தில் ‘டிஜிட்டல் கைது’ என்னும் புதிய வஞ்சகம் முதியோரை வாட்டுகிறது. காவல் அதிகாரி உடையில் காணொளி அழைப்பில் தோன்றி, உங்கள் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்தது, நீங்கள் கைது செய்யப்பட்டீர்கள், எவரிடமும் பேசக்கூடாது என்று மிரட்டுவர். 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் தம் வானொலி உரையிலேயே இதைக் குறித்து நாட்டு மக்களை எச்சரித்தார். காணொளியில் கைது செய்யும் முறை நம் சட்டத்தில் இல்லவே இல்லை. “எவரிடமும் சொல்லாதே” என்பது அவர்களுடைய முதல் ஆயுதம். ஆகவே உடனே இணைப்பைத் துண்டித்து, வீட்டிலுள்ளவரிடம் சொல்வதே முதல் கேடயம்.

பணம் பறிபோயிற்று எனில் வெட்கப்பட்டு மறைக்கலாகாது. 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறுமுன் அதை முடக்க வழியுண்டு; தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் திருடனுக்கே ஆதாயம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்னும் அரசுத் தளத்திலும் புகார் பதியலாம். பிறர்போல் நடித்துக் கணிப்பொறி வழியே ஏமாற்றுவோர்க்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

தாக்கப்பட்ட கணிப்பொறி எனில், முதலில் இணையத் தொடர்பைத் துண்டிக்கவும். வெளித்தட்டு, பென் டிரைவ் ஆகியவற்றைக் கழற்றவும். பணயத் தொகை கொடுக்க வேண்டாம். கொடுத்தவர்க்கும் சாவி கிடைக்கும் என்ற உறுதி இல்லை. நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோல் அமைப்பும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ என்னும் தளத்தில் பல வகைப் பூட்டுகளுக்கு இலவசத் திறவுகோல்கள் உள்ளன. இன்று திறவாத பூட்டு பின்னொரு நாள் திறக்கலாம். ஆதலால் பூட்டப்பட்ட கோப்புகளை அழித்துவிடாமல் தனியே சேமித்து வைக்கவும். எங்கள் தந்தையாரின் குரல் அடங்கிய கோப்பும் அவ்வாறே ஒரு தட்டில் காத்திருக்கிறது.

மனச்சான்றும் மன்னிப்பும்

எங்கள் இழப்பை எண்ணிப் பார்க்கையில் இரண்டு உண்மைகள் என் உள்ளத்தை உறுத்துகின்றன. முதலாவது, அந்தப் பூட்டுடைத்த மென்பொருள் பிறருடைய உழைப்பு. கடையில் அரிசியைக் களவாடுவதை நம் பிள்ளைகள் கனவிலும் எண்ணார். ஆனால் மென்பொருளைக் களவாடுவதை நாமே களவு என்று கருதுவதில்லை. ஏழாம் கட்டளை கணிப்பொறிக்குள்ளும் செல்லும் என்பதை நான் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை. படம் தொகுக்க ஷாட்கட், ஓபன்ஷாட், கடிதம் எழுத லிப்ரே ஆபீஸ் என நேர்மையாகவே இலவசமாய்க் கிடைப்பவை பல உள்ளன. அவற்றைத் தேடித் தந்திருக்க வேண்டியவன் நான்.

இரண்டாவது, அந்த ஓர் இரவு மௌனம். அன்றிரவே அவன் சொல்லியிருந்தால், வெளித்தட்டில் இருந்த மறுபிரதியும் தந்தையாரின் குரலும் இன்று எங்களிடம் இருந்திருக்கும். அவன் ஏன் சொல்லவில்லை? கைபேசியைக் கீழே போட்டதற்காக ஒரு முறை நான் அவனை அடித்தேன். அதை அவன் மறக்கவில்லை. தவறு செய்த பிள்ளை அஞ்சாமல் வந்து சொல்லக்கூடிய வீடே பாதுகாப்பான வீடு. இணையத்தில் எவரேனும் நம் மகளை மிரட்டினாலும், மகனிடம் தகாத படம் கேட்டாலும், அந்தப் பிள்ளை முதலில் நாடி வரவேண்டியது பெற்றோரையே. ஊதாரி மைந்தனைத் தந்தை எவ்வாறு எதிர்கொண்டார் என்பதை ஆண்டுதோறும் தவக்காலத்தில் கேட்கிறோம். அது நம் வீட்டுக் கணிப்பொறி மேசைக்கும் உரிய உவமை.

திருச்சபை இக்கருவிகளை வெறுக்கச் சொல்லவில்லை. 2002 பிப்ரவரி 22 அன்று வெளியிட்ட இரு ஏடுகளில், இணையத்தை நன்மைக்குப் பயன்படுத்துமாறும் அதன் தீங்குகளில் விழிப்பாயிருக்குமாறும் வத்திக்கான் அறிவுறுத்திற்று. மிலான் நகரில் வளர்ந்து 2006-இல் 15 வயதில் இறைவனடி சேர்ந்த கார்லோ அக்கூத்திஸ், நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தளம் அமைத்த இளைஞர். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை 14-ஆம் லியோ அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். கணிப்பொறியும் புனிதத்துக்கு வழியாகும் என்பதற்கு அவரே சான்று.

மக்கள் உறங்கும் வேளையில் பகைவன் வந்து கோதுமையிடையே களை விதைத்துப் போனான் என்று ஆண்டவர் ஓர் உவமை சொன்னார். வயல் உள்ளவர்க்கு அதன் பொருள் நன்கு தெரியும். பகைவன் வராமல் தடுப்பது எப்போதும் நம் கையில் இல்லை. உறங்காமல் இருப்பது நம் கையில் உண்டு. எங்கள் வீட்டில் இப்பொழுது ஒவ்வொரு சனிக்கிழமையும் செபமாலை முடிந்தபின், என் தமக்கை மகனே வெளித்தட்டை எடுத்துச் செருகிப் புதிய கோப்புகளைப் படியெடுத்து, கழற்றிப் பீரோவில் வைக்கிறான். அதன் பிறகுதான் தெருக்கதவைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டுகிறோம். இந்தச் சனிக்கிழமை உங்கள் இல்லத்திலும் அதனைத் தொடங்குங்கள். முதலில் படியெடுக்க வேண்டியது எது என்று வீட்டில் முதியோரைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதிலிருந்தே தொடங்குங்கள்.